சிறார்களுக்குப் பாலினச் சிகிச்சை கூடாது என்று அமெரிக்காவில் சட்டமாமே, நம் ஊரிலும் உண்டா?

பாம்பனில் மீன்வலையில் கிழிசல் தைத்துக்கொண்டே ஓர் அக்கா கேட்ட கேள்வி இது.

அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. டென்னசி மாநிலத்தின் தடை செல்லும் என்று 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 எனத் தீர்ப்பளித்தது. அந்தத் தடைப்படி, பருவமடைதலைத் தள்ளிப்போடும் மருந்தைப் பாலின மாற்றத்துக்காக 18 வயதுக்குட்பட்டோருக்குத் தரக்கூடாது. வயதுக்கு முன்பே பருவமடையும் குழந்தைக்கு அதே மருந்தைத் தரலாம். சண்டையே இதில்தான். 'இந்தத் தடை பாலினப் பாகுபாடு. முடிவு பெற்றோர், மருத்துவர் கையில் இருக்கட்டும்' என்பது ஒரு பக்கம். 'சிகிச்சை பலன் தரும் என்பதற்குச் சான்று போதாது, பின்விளைவைப் பிள்ளையால் எடைபோட முடியாது' என்பது மறுபக்கம்.

நம் ராமநாதபுரத்து வழக்குகள் போகிற உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019-இல் தடுக்கச் சொன்னது வேறொன்றை: ஆண், பெண் என்று பிரிக்க முடியாத உடலோடு பிறக்கும் குழந்தைக்கு அவசரப்பட்டுச் செய்யும் அறுவையை. உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் விலக்கு. இரண்டையும் பலர் ஒன்றாகக் குழப்புகிறார்கள். அங்கே பிள்ளை கேட்கும் சிகிச்சை. இங்கே பிள்ளையைக் கேட்காமலே வைக்கும் கத்தி.