ஃபோர் வீல் என்று சொல்லி விற்ற வாகனத்தில் ஃபோர் வீல் இல்லை: பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

கேள்வி: நான் மூதூரில் இருந்து ஈச்சிலம்பற்றுப் பக்கம் உள்ள பாடசாலைக்குப் படிப்பிக்கப் போய் வருகிறேன். மாரி தொடங்கினால் உள் வீதிகள் சேறாகிவிடும். அதனால் ஃபோர் வீல் (எஞ்சின் நான்கு சக்கரங்களையும் இயக்கும் வசதி) உள்ள பாவித்த ஸ்டேஷன் வேகன் ஒன்று தேடினோம். திருகோணமலை நகரில் ஒருவரிடம் டொயோட்டா கொரோலா ஃபீல்டர் இருப்பதாகத் தரகர் சொன்னார். 'ஃபோர் வீல், எல்லாம் வேலை செய்யுது' என்று வாட்ஸ்அப்பிலும் எழுதியிருந்தார். பாதிப் பணம் வங்கி மூலமும் மீதி கையிலும் கொடுத்தோம். பற்றுச்சீட்டில் 'வாகனம் பார்த்தபடி விற்கப்பட்டது' என்று எழுதித் தந்தார்கள். முதல் மழையிலேயே சேற்றில் புதைந்தது. கராஜில் தூக்கிப் பார்த்தால் பின்சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்ட்டே இல்லை. சி.ஆர். (வாகனப் பதிவுச் சான்றிதழ்) விற்றவர் பெயரிலும் இல்லை, அவருக்கு முந்தியவர் பெயரில் இருக்கிறது. கையெழுத்து மட்டும் வைத்த வெற்று உரிமை மாற்றப் படிவங்கள்தான் எங்கள் கையில். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் வாகனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வழக்கே அதற்குள்தான் இருக்கிறது. ஃபீல்டர் ஜப்பான் சந்தைக்குச் செய்த வண்டி. பனி கொட்டும் ஹொக்கைடோ போன்ற இடங்களுக்காக அதே வண்டியில் நான்கு சக்கரமும் இயங்கும் வகையையும் விற்றார்கள். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுதான். வித்தியாசம் சேஸிஸ் இலக்கத்தின் முன்பகுதியில் தெரியும்: 2000ஆம் ஆண்டு வந்த தலைமுறையில் 1500 சீசீ வண்டி என்.இசட்.ஈ. 121 என்றால் முன்சக்கரம் மட்டும் இழுப்பது, என்.இசட்.ஈ. 124 என்றால் நான்கும் இழுப்பது. உங்கள் சி.ஆரில் என்ன இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். 121 என்றால் விற்றவர் சொன்னது பொய் என்பதை அவர் தந்த ஆவணமே காட்டிக் கொடுக்கிறது. 124 என்றால் வண்டி ஃபோர் வீலாகத்தான் பிறந்தது, இடையில் யாரோ கழற்றியிருக்கிறார்கள். அப்போது அது விற்றவருக்குத் தெரியுமா என்பதே பெரிய கேள்வி.

இந்த வண்டியில் பின்பக்கத்துக்கு இழுவை போவது விஸ்கஸ் கப்ளிங் என்ற, தடித்த திரவம் வழியாக இழுவையைக் கடத்தும் இணைப்பு வழியாக. அது பழுதாகிச் சத்தம் போட்டால், திருத்தும் செலவுக்குப் பயந்து பின்சக்கரங்களுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி, அது பொருந்தும் வாயை அடைத்துவிட்டு வண்டியை ஓட்டுபவர்கள் உண்டு. டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது, காய்ந்த வீதியில் ஒரு வித்தியாசமும் தெரியாது. உங்கள் மெக்கானிக்கிடம் ஒன்று கேளுங்கள்: பின் டிஃபரன்ஷலில் ஷாஃப்ட் பூட்டப்படும் தட்டில் (ஃபிளேஞ்ச்) போல்ட் இருந்த ஓட்டைகள் துருப்பிடித்துக் கிடக்கின்றனவா, இல்லை உலோகம் இன்னும் பளிச்சென்று இருக்கிறதா? பழைய துரு என்றால் கழற்றிக் கனகாலம். பளிச்சென்று இருந்தால் விற்பதற்குச் சற்று முன் கழற்றியதாக இருக்கலாம். எது என்றாலும் திகதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். மெக்கானிக் கையெழுத்திட்ட எழுத்து மூல அறிக்கையும் வாங்குங்கள். அவர் நாளைக்குச் சாட்சி.

இனிச் சட்டம். அசையும் பொருள் விற்பனைக்கு இலங்கையில் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம்தான் அடிப்படை. ஒரு பொருளை இன்னது என்று விவரித்து விற்றால், பொருள் அந்த விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது அதில் எழுதாமலே அடங்கிய நிபந்தனை. 'பார்த்தபடி' என்ற வாசகத்தைக் கண்டு நீங்கள் பயந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வாசகம் சும்மா இல்லை. பார்த்தால் தெரியக்கூடிய குறைகளுக்கு, கதவில் கீறல், டயர் தேய்வு போன்றவற்றுக்கு, அது விற்றவரைக் காப்பாற்றும். அவர் வாகன வியாபாரி இல்லாமல் தனிமனிதர் என்றால், தரம் பற்றி எழுதாமலே அடங்கிய நிபந்தனைகளும் பெரும்பாலும் உங்களுக்குக் கைகொடுக்கா. ஆனால் இல்லாத ஒன்றை இருக்கிறது என்று தெரிந்தே சொல்லி விற்றால், 'பார்த்தபடி' அந்த ஏமாற்றுக்குக் குடை பிடிக்காது.

அதனால்தான் அந்த வாட்ஸ்அப் செய்தி உங்கள் கையில் இருக்கும் எல்லாவற்றிலும் பெறுமதியானது. தரகர் விற்றவருக்காகப் பேசினார் என்று காட்ட முடிந்தால், அவர் சொன்னது விற்றவர் சொன்னது போலத்தான். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின் கீழ் இப்படியான செய்திகளை நீதிமன்றத்தில் சான்றாக வைக்கலாம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. போனை மாற்றாதீர்கள், செய்தியை அழிக்காதீர்கள்.

மோசடி என்று நிரூபித்தால் ஒப்பந்தத்தையே ரத்துச் செய்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அது இயலாவிட்டால் நட்டஈடு. அதன் அளவு, வாகனம் சொன்னபடி இருந்திருந்தால் என்ன பெறுமதியோ அதற்கும் இப்போதைய பெறுமதிக்கும் உள்ள வித்தியாசம். ஷாஃப்ட்டும் கப்ளிங்கும் மீண்டும் பொருத்த ஆகும் செலவுக்கான கராஜ் மதிப்பீடு அந்தக் கணக்குக்கு உதவும். ரத்துச் செய்யும் எண்ணம் இருந்தால் ஒரு விஷயத்தில் கவனம்: விஷயம் தெரிந்த பிறகும் வாகனத்தைச் சொந்தம்போல் ஓடிக்கொண்டும் திருத்திக்கொண்டும் இருந்தால், அதை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். ஆகவே இந்த வாரமே பதிவுத் தபாலில் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் போக வேண்டும்.

என் அபிப்பிராயம் என்ன என்று கேட்டால், எஞ்சினும் வண்டியின் கூடும் நல்ல நிலையில் இருந்து சேஸிஸ் 124 ஆகவும் இருந்தால் நான் நட்டஈட்டுப் பக்கம்தான் போவேன். விற்றவர் தன் செலவில் பூட்டித் தரட்டும், இல்லாவிட்டால் அந்தத் தொகையைத் திருப்பித் தரட்டும். மாவட்ட நீதிமன்ற வழக்கு ஒரு மாரிக்குள் முடியாது, உங்களுக்கோ நாளைக்கும் பாடசாலைக்குப் போக வேண்டும். கேட்கும் தொகை சட்டம் வைத்த எல்லைக்குள் அடங்கினால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போவது கட்டாயம், அங்கே இணக்கம் வராவிட்டால்தான் சான்றிதழுடன் நீதிமன்றம். 121 என்றால் கதை வேறு. அதை ஃபோர் வீலாக மாற்றுவது நடைமுறையில் வேலைக்காகாது, பணத்தைத் திருப்பித்தான் கேட்க வேண்டும்.

கால எல்லையும் இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டு, வாய்மொழி ஒப்பந்தத்துக்கு 3 ஆண்டு, ஏமாற்றினால் வந்த நட்டத்துக்கு 2 ஆண்டு. உங்கள் பற்றுச்சீட்டில் 'ஃபோர் வீல்' என்ற சொல்லே இல்லாததால் 2 ஆண்டு என்று எடுத்துக்கொண்டு நடப்பதே பாதுகாப்பு. விற்றவர் வாகன வியாபாரி என்று தெரிய வந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கும் எழுதலாம், ஆனால் அங்கே வாங்கிய நாளிலிருந்து 3 மாதம்தான். தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவில் ஏமாற்றிப் பொருளோ பணமோ பெறுவது குற்றம். பொலிஸில் முறைப்பாடு செய்யலாம். ஆனால் பணம் வசூலிக்கும் கருவியாக அதைப் பாவிக்கப் பார்த்தால், 'இது சிவில் பிரச்சினை' என்று அனுப்பிவிடுவார்கள்.

ஷாஃப்ட்டை விட என்னை அதிகம் கவலைப்படுத்துவது கையெழுத்து மட்டும் வைத்த அந்த வெற்றுப் படிவங்கள்தான். பதிவில் உங்கள் பெயர் இல்லை, உங்களுக்கு விற்றவர் பெயரும் இல்லை. உரிமை மாற்றத்தைப் பதிவு உரிமையாளர் 14 நாளுக்குள் மோட்டார் வாகனப் போக்குவரத்து ஆணையாளருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது சட்டம், இங்கே அதுவும் நடக்கவில்லை. அந்தப் பழைய உரிமையாளர் இறந்துபோனால் படிவங்கள் பயனற்ற தாள். விபத்து நடந்தால் காப்புறுதிப் பணம் கேட்பதும் இழுபறி. எல்லாவற்றுக்கும் மேல், சி.ஆரில் 'அப்சலூட் ஓனர்' என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் வாகனம் அவர்களுடையது. தனக்கு இல்லாத உரிமையை ஒருவரால் இன்னொருவருக்கு விற்க முடியாது. லீசிங் தவணை நின்றால் உங்கள் வாசலில் நின்றுதான் வண்டியை எடுத்துப் போவார்கள், நீங்கள் கொடுத்த காசை அவர்களிடம் கேட்க முடியாது.

வாசிக்கும் மற்றவர்களுக்கும் இது பொருந்தும். நிலாவெளியோ கிண்ணியாவோ வெருகலோ, மாரிக்கு முன் இப்படி ஒரு வண்டி தேடுகிறீர்கள் என்றால் காசு கொடுக்க முன் கராஜில் தூக்கி அடியில் பாருங்கள், நான்கு டயரும் ஒரே அளவா என்று பாருங்கள் (அளவு மாறிய டயர்கள்தான் இந்தக் கப்ளிங்கைக் கெடுக்கும்), பற்றுச்சீட்டில் 'நான்கு சக்கரமும் இயங்கும் நிலையில் உள்ளது' என்று விற்பவரைக் கொண்டே எழுதுவியுங்கள். எழுதத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். அப்புறம், ஃபோர் வீல் சேற்றில் புறப்பட உதவும், பிரேக் பிடிக்கும் தூரத்தைக் குறைக்காது. மகாவலி பெருகி வீதிக்கு மேல் தண்ணீர் ஓடும்போது தாழ்ந்த வேகன் தாழ்ந்த வேகன்தான்.

உங்களுக்கு இப்போது முதல் வேலை, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்த வாகன இலக்கத்தின் பதிவு விபரங்களை எடுப்பது. அதில் யார் பெயர், யாருடைய லீசிங் என்று தெரியும் வரை, விற்றவரோ தரகரோ 'பேசித் தீர்ப்போம்' என்று நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.