முதலில் இரத்தப் பரிசோதனை

கேள்வி: எனக்கு வயது 56. ஓராண்டாக விறைப்பு சரியாக ஏற்படுவதில்லை. இந்த வயதில் இதற்காக டாக்டரிடம் போனால் சிரிப்பார்களோ என்று கூச்சம். நண்பர் தான் போட்டுக்கொள்ளும் மாத்திரையைத் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?
(பெயர் வேண்டாம், திண்டுக்கல்)

பதில்: வேண்டாம். நண்பர் தருவது பெரும்பாலும் சில்டெனாஃபிலாக இருக்கும். நெஞ்சுவலிக்காகச் சோதிக்கப்பட்டு, 1998-ல் அமெரிக்காவில் விறைப்புக் குறைபாட்டுக்கு அனுமதி பெற்ற நல்ல மருந்துதான். ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் இதையும் விழுங்கினால், இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரிந்துவிடலாம். நண்பருக்கு இது தெரியுமா?

விறைப்பு வரச் சற்று நேரமாவதும், ஒருமுறைக்கும் மறுமுறைக்கும் இடைவெளி நீள்வதும் வயதின் இயல்பு. ஓராண்டாகச் சரியாக வராமலே இருப்பதை அந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். ஆணுறுப்புக்குச் செல்லும் தமனிகள் இதயத் தமனிகளைவிடக் குறுகியவை என்பதால், சர்க்கரையாலும் கொழுப்பாலும் புகையாலும் குழாய்கள் கெடும்போது பழுது பெரும்பாலும் முதலில் அங்கேதான் தெரியும். இதயத்துக்கு அது சில ஆண்டுகள் முன்னதாக வந்த எச்சரிக்கையாகவும் இருக்கலாம். கூச்சத்துக்கும் காரணமில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் நடந்து 1994-ல் வெளியான ஆய்வில், 40 முதல் 70 வயது வரையிலான ஆண்களில் 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இக்குறை இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், இவ்விஷயமாக எமக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை உடம்பில் ஒரு குறையும் இல்லாத இருபது வயதுக்காரர்கள் எழுதுபவை. தூக்கத்தில் விந்து வெளியேறும் சொப்பன ஸ்கலிதத்தால் நரம்புத் தளர்ச்சி வந்துவிட்டது என்று நடுங்கி, குறிப்பிட்ட தேதிகளில் லாட்ஜில் அறை போட்டு உட்காரும் வைத்தியரிடம் பணத்தைக் கொட்டுகிறார்கள். ஆண்மை பெருக்கும் மருந்தென்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்திருந்தும் அந்த வியாபாரம் படுக்கவில்லை. உண்மையாகவே டாக்டரைப் பார்க்க வேண்டிய உங்கள் வயதுக்காரர்களோ வாயைத் திறப்பதில்லை.

வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமே செல்லுங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். விடியலில் தானாக விறைப்பு வருகிறதா என்று அவர் கேட்பார். வருகிறதென்றால் காரணம் மனத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம். இரத்த அழுத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் சில மாத்திரைகளாலும் இப்படி ஆகலாம் என்பதால், சாப்பிடும் மருந்துகளை எல்லாம் எடுத்துச் செல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். மனைவியிடமும் சொல்லிவிடுங்கள். ஓராண்டாக நீங்கள் விலகிப் படுப்பதற்கு அவர் வேறு ஏதாவது காரணத்தை நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.