முள்மரமும் களையும்

அன்புள்ள ஐயா,

'இளைதாக முள்மரம் கொல்க' என்கிறது குறள். மத்தேயு 13இல் இயேசு சொல்லும் உவமையிலோ, களையைப் பிடுங்க வேண்டாம், அறுப்புவரை இரண்டும் வளரட்டும் என்கிறான் வயலின் எசமான். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததற்குப் பிறகு எனக்குக் குறள்தான் சரியென்று படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வாசகர், களுவாஞ்சிகுடி

அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்தை வாசித்ததும் மாமாவின் வயல் வட்டைதான் நினைவுக்கு வந்தது. முன்மாரி விதைத்து ஒரு மாதம் இருக்கும். நெல்லோடு நெல்லாக ஒரு புல் நின்றது. என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மாமா குனிந்து, இலை தண்டோடு சேரும் இடத்தை விலக்கிக் காட்டினார். நெல்லில் அங்கே மெல்லிய வெள்ளை நாக்கு ஒன்று இருந்தது. புல்லில் இல்லை. "வரம்பில நிண்டு பாத்தா ஒண்டும் விளங்காது மருமகன்" என்றார்.

முள்மரம் அப்படியல்ல. கன்றிலேயே இன்னதென்று தெரிந்துவிடும். வள்ளுவர் வெட்டச் சொல்வது அடையாளம் தெரிந்ததை. அதுவும் எந்த அதிகாரத்தில்? 'பகைத்திறம் தெரிதல்'. பகையை விளையாட்டுக்குக்கூட விரும்பாதே என்று தொடங்கி, பகையையும் நட்பாக்கிக்கொள்பவனின் பெருமையில்தான் உலகம் தங்கியிருக்கிறது என்றும் சொல்லிவிட்டு, ஒன்பதாவதாகத்தான் உங்கள் குறளுக்கு வருகிறார். நம் மேடைப் பேச்சாளர்களுக்கு முதல் எட்டும் கண்ணில் படுவதில்லை. உவமையின் எசமானும் களைமேல் இரக்கப்பட்டுத் தடுக்கவில்லை. கோதுமையும் வேரோடு வந்துவிடும் என்றுதான் தடுக்கிறான்.

சீயோனுக்கு வருகிறேன். 2019 ஏப்ரல் 21க்கு இரண்டு வருடம் முன்பே, அந்தத் தாக்குதலை நடத்திய கூட்டத்தின் தலைவன் சஹ்ரானைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே முறைப்பாடு செய்திருந்தார்கள். 2017 மார்ச்சில் அவனுடைய கூட்டம் அங்கே மோதியதும் மற்ற முஸ்லிம்களோடுதான். குனிந்து பார்த்தவர்கள் அவர்கள். களையெடுக்கும் கத்தியைக் கையில் வைத்திருந்த அதிகாரிகள் காதில் அது ஏறவில்லை. தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்கு முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் பாதுகாப்பு உயர் அதிகாரிகளும் நட்டஈடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

நாங்கள் என்ன செய்தோம்? என்னையே சொல்கிறேன். காத்தான்குடிக் கடைகளுக்குப் போவதை நிறுத்தினேன். எட்டு மாதம் கழித்து, வழக்கமாகத் துணி எடுக்கும் கடைக்குள் நுழைந்தபோது கடைக்காரர் கதிரையை இழுத்துப் போட்டு, "என்ன சேர், கன நாளாக் காணல்ல?" என்று கேட்டார்.

நான் ஒரு சாரனைப் பிரித்து, கரையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.