"இன்னும் போட்டியே வரலையே!" – நூலக அக்கா பதில்கள்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு. 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலை இரண்டே நாளில் முடித்தாள். ஆசையாக இரண்டாம் பாகம் 'கேட்சிங் ஃபயர்' வாங்கிக் கொடுத்தேன். ஐம்பது பக்கம் படித்துவிட்டு, "இன்னும் போட்டியே வரலைம்மா" என்று மூடி வைத்துவிட்டாள். மறுபடியும் அதே போட்டிதானாமே? படிக்கச் சொல்லவா, விட்டுவிடவா?
– ஒரு தாய், சேலம்

பதில்: விட்டுவிடாதீர்கள். எங்கள் பள்ளி நூலகத்தில் இந்தப் புத்தகத்தை எடுத்துப் போகும் பிள்ளைகளில் பாதிப் பேர் ஒரு வாரத்தில் இதே குறையோடு வந்து நிற்பார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான். மொத்தம் 27 அத்தியாயங்கள். மாவட்டந்தோறும் பிள்ளைகளைப் பிடித்து, ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்ல வைத்து அரசு ஆண்டுதோறும் நடத்துவதுதான் அந்தப் போட்டி. கதாநாயகி காட்னிஸ் அந்தக் களத்தில் கால் வைப்பது 18ஆம் அத்தியாயத்தின் கடைசியில். முதல் பாகத்தின் வேகத்தோடு வரும் பிள்ளைக்கு இது இழுவையாகத்தான் தெரியும். ஆனால் என்னைக் கேட்டால், இந்தத் தொடரின் மிகச் சிறந்த பக்கங்கள் அந்தப் பதினெட்டு அத்தியாயங்களுக்குள்தான் இருக்கின்றன.

முதல் பாகத்தில் நமக்கு ஒரே கவலைதான்: இந்தப் பெண் பிழைப்பாளா? பிழைத்துவிட்டாள். பெரிய வீடு, கைநிறையப் பணம், வயிறாரச் சாப்பாடு எல்லாம் வந்தாயிற்று. அதற்கப்புறம்? அங்கே கதையைத் தொடங்க நாவலாசிரியர் சூசன் காலின்ஸ் துணிந்திருக்கிறார். காட்னிஸ் ஒருநாள் வீடு திரும்பினால் ஜனாதிபதி ஸ்னோ உள்ளே உட்கார்ந்திருக்கிறார். விவரம் தெரியாத அம்மா தட்டில் தேநீர் கொண்டுவந்து வைக்கிறார். ஸ்னோ குரலை உயர்த்துவதே இல்லை. அன்று களத்தில், உன் மாவட்டத்துப் பையன் பீட்டாவோடு சேர்ந்து சாகத் துணிந்து நீ விஷப் பழத்தைக் கையில் எடுத்ததைச் சிலர் காதல் என்று நம்பவில்லை, அரசுக்கு எதிரான சவால் என்று எடுத்துக்கொண்டார்கள். வென்றவர்களாக நீங்கள் ஊர் ஊராகப் போகும்போது பீட்டாவின் மேல் பைத்தியமாக இருப்பதாகக் காட்டிக்கொள் என்கிறார். அதற்குள் அடங்கிய மிரட்டல் அவளுக்கும் புரிகிறது, நமக்கும் புரிகிறது. எனக்குக் களத்துச் சண்டைகளைவிட இந்தத் தேநீர்க் காட்சிதான் அதிக பயம் தந்தது.

உங்கள் மகள் நிறுத்திய இடத்துக்குக் கொஞ்சம் தள்ளித்தான் பதினோராம் மாவட்டம் வருகிறது. முதல் பாகத்தில் இறந்துபோன பன்னிரண்டு வயது ரூவின் ஊர் அது. மேடை போட்டு, ரூவின் அப்பா அம்மாவையும் ஐந்து தம்பி தங்கைகளையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். காட்னிஸ், தனக்கு எழுதிக் கொடுத்த பேச்சைத் தாண்டி மனசிலிருந்து நான்கு வார்த்தை பேசுகிறாள். கூட்டத்தில் ஒரு சத்தமில்லை. அப்புறம் எங்கிருந்தோ ஒரு சீழ்க்கை. தோட்டத்தில் வேலை முடிந்தது என்று ரூ ஊதும் அதே நான்கு சுரம். ஊதியது வெளுத்த சிவப்புச் சட்டை போட்ட ஒரு முதியவர். உடனே ஊரே மூன்று விரலை உதட்டில் வைத்து அவளை நோக்கி நீட்டுகிறது. மறந்துவிட்ட பூக்களை எடுக்க அவள் திரும்பி வரும்போது, அந்த முதியவரைப் படியில் மண்டியிட வைத்துத் தலையில் சுடுகிறார்கள். வெளியே என்ன சத்தம் என்று பீட்டா கேட்கும்போது, பழைய லாரி வெடித்த சத்தம் என்று சொல்லிவிடுகிறார்கள். எங்கள் நூலகப் பிரதியில் அந்தப் பக்கத்தின் ஓரம் துணிபோல நைந்திருக்கிறது. எத்தனை கை அங்கே நின்றிருக்கிறது பாருங்கள்.

மறுபடியும் அதே போட்டியா என்ற கேள்விக்கு வருகிறேன். இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை போட்டியில் விசேஷ விதி சேர்ப்பார்கள். இது 75ஆவது போட்டி. இந்த முறை, ஏற்கெனவே வென்றவர்களிலிருந்தே ஆளெடுக்கச் சொல்கிறது விதி. காட்னிஸின் மாவட்டத்தில் வென்று உயிரோடிருக்கும் பெண் அவள் ஒருத்திதான். குடத்தில் ஒரே சீட்டு. இனி உனக்கு ஆயுள் முழுக்க விடுதலை என்று கொடுத்த வாக்கையே அரசு உடைக்கிறது. எதிரே நிற்பவர்களில் எண்பது வயது மேக்ஸ் பாட்டியும் இருக்கிறார். பலர் ஆண்டுக்கணக்கில் நண்பர்கள். பேட்டி மேடையில் இருபத்துநான்கு பேரும் கைகோத்து நிற்கும் காட்சியைப் படித்துவிட்டு, இது பழைய போட்டிதானா என்று உங்கள் மகளே சொல்லட்டும்.

கேள்வி: பன்னிரண்டு வயதுப் பையனுக்குக் கொடுக்கலாமா? கொலை, ரத்தம் என்கிறார்களே.
– ஒரு தந்தை, கோயம்புத்தூர்

பதில்: இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஊர்ச் சதுக்கத்தில் காட்னிஸின் நண்பன் கேலை முதுகு கிழியச் சவுக்கால் அடிக்கும் காட்சி பெரியவர்களையே உலுக்கும். ஆனால் காலின்ஸ் எந்தச் சாவையும் கைதட்ட வைக்கிற மாதிரி எழுதவில்லை. அவருடைய அப்பா அமெரிக்க விமானப் படையில் இருந்தவர். மகளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது வியட்நாம் போருக்குப் போனவர். வீட்டில் காத்திருந்த குழந்தையின் பயம் காலின்ஸுக்குத் தெரியும். பதின்மூன்று, பதினான்கு வயதில் கொடுப்பது என் வழக்கம். இப்போதே கேட்டு அடம் பிடித்தால் நீங்களும் கூடவே படியுங்கள். முதல் பாகம் படிக்காமல் இதைக் கொடுக்கவே வேண்டாம்.

கேள்வி: அக்கா, அந்த மூன்று விரல் வணக்கத்தை நிஜப் போராட்டத்திலும் காட்டினார்களாமே?
– பதினோராம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

பதில்: ஆமாம் கண்ணு. 2014 மே மாதம் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது மக்கள் தெருவில் நின்று அதைக் காட்டினார்கள். காட்டியவர்களைப் பிடித்தும் போனார்கள். 2021இல் மியான்மரிலும் பார்த்தோம். ஆனால் கதையில் அது தொடங்கும்போது போராட்டச் சின்னம் கிடையாது. காட்னிஸின் மாவட்டத்தில் துக்க வீட்டில் எப்போதாவது காட்டுவது. நன்றி, மதிப்பு, அன்பானவருக்கு விடை என்று பொருள். ரூ இறந்தபோது காட்னிஸ் அதைத்தான் காட்டினாள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்திருந்த ரூவின் ஊர், இரண்டாம் பாகத்தில் அவளுக்கே திருப்பித் தருகிறது. துக்கம் கோபமாக மாறும் இடம் அதுதான். திரும்பப் போய் அந்த அத்தியாயத்தைப் படித்துப் பார்.

கேள்வி: படம் பார்த்துவிட்டேன். புத்தகமும் தேவையா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: பிரான்சிஸ் லாரன்ஸ் இயக்கிய 2013 படம் எனக்கும் பிடிக்கும். ஆனால் எட்டாம் மாவட்டத்திலிருந்து பனிக்காட்டில் தப்பி வரும் ஆசிரியையும் மாணவியும் படத்தில் இல்லை. அந்த ஆசிரியையின் கையில் ஒரு ரொட்டித் துண்டு. அதன் நடுவில் காட்னிஸ் களத்தில் அணிந்திருந்த பறவைச் சின்னம். தன் பெயரில் வெளியே என்ன நடக்கிறது என்று காட்னிஸுக்கு அந்த ரொட்டியைப் பார்த்துத்தான் தெரிகிறது. அதற்காகவாவது படியுங்கள். ஆனால் 2010இல் வந்த மூன்றாம் பாகம் 'மாக்கிங்ஜே'யைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாகம் கேல் சொல்லும் ஒற்றை வாக்கியத்தோடு நின்றுவிடும். அதைப் படித்த இரவில், கடை திறக்கும்வரை உங்களால் காத்திருக்க முடியாது.