மதுரையில் கொத்தனார் வேலையை எப்படித் தொடங்குவது?

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு கொத்தனார் ஆக யாரிடம் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஐடிஐ படிப்பும் இருக்கிறது. ஆனால் கை பழகுவது மேஸ்திரியிடம்தான். திருமங்கலம், ஒத்தக்கடை பக்கம் வீட்டு வேலை நடக்கிற இடத்தில் விசாரித்து நிமிந்தாளாக, அதாவது கொத்தனாருக்கு உதவியாளாகச் சேருங்கள்.

முதலில் கல் சுமப்பதும் கலவை போடுவதும்தான். அலுப்பாக இருந்தாலும் கலவையைக் கவனியுங்கள். 9 இஞ்ச் சுவருக்குப் பொதுவாக 1 பங்கு சிமெண்ட், 6 பங்கு மணல். நாலரை இஞ்ச் சுவருக்கு 1-க்கு 4. செங்கலை நனைக்காமல் வைத்தால் கலவையில் இருக்கும் தண்ணீரை அது உறிஞ்சிவிடும், பிடிப்பு இருக்காது. நம்ம ஊர் சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம்.

அப்புறம் சொந்தமாக ஒரு கொத்துக்கரண்டி, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக்குண்டு, நூல் வாங்கிக்கொள்ளுங்கள். மேஸ்திரி நல்ல மனநிலையில் இருக்கும்போது கேட்டு, இரண்டு வரிசை செங்கல் கட்டிப் பாருங்கள். மூலைக்கல்லைத் தூக்குக்குண்டு விட்டுச் சரிபார்த்து, நூல் பிடித்த பிறகுதான் நடுவில் கல் வைக்க வேண்டும். கீழ்வரிசை இணைப்புக்கு நேர் மேலே அடுத்த வரிசை இணைப்பு வந்தால் அந்த இடத்தில் சுவர் விரிசல் விடும். பூச்சு வேலைக்கு இப்போதே ஆசைப்படாதீர்கள்.

18 வயது ஆகியிருந்தால் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துவிடுங்கள். விபத்து உதவித்தொகைக்கு அந்தப் பதிவு அட்டை வேண்டும்.