டர்பன் கறிக்கு எந்த வைன் பொருந்தும்?

தினமும் காரமான கறிதான், அதிகச் செலவில்லாமல் எந்த வைன் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். செனின் பிளாங்க் என்ற வெள்ளை வைனில் தொடங்குங்கள். தென்னாப்பிரிக்காவில் அதிகம் பயிராகும் வைன் திராட்சை அதுதான். மலிவு விலையிலேயே நல்லது கிடைக்கும். லேசான இனிப்புள்ளதாக எடுத்து நன்றாகக் குளிரவையுங்கள். மட்டன் கறியில் தோய்த்த ரொட்டியை மென்றதும் ஒரு மடக்கு குடித்துப் பாருங்கள்: நாக்கின் எரிச்சல் அடங்கி மசாலா மணம் நிற்கும். துவர்ப்பான சிவப்பு வைன், என்ன விலை கொடுத்தாலும், காரத்தை ஏற்றிவிடும். பிராய், அதாவது தணலில் இறைச்சி சுடும் விருந்து, போடும் நாளில் பினோட்டாஜ் என்ற சிவப்பு வைன் சரி; 1925இல் ஸ்டெல்லன்போஷில் பிறந்த நம் ஊர் திராட்சை. அப்புறம், கையில் காசு கூடுதலாக இருந்தால் 35 வயது தாண்டிய கொடிகளின் செனின் வாங்குங்கள். பழங்கொடிச் சான்று முத்திரை ஒட்டிய புட்டி என்றால், கொடி நட்ட ஆண்டு அந்த முத்திரையிலேயே இருக்கும்.