பிள்ளையின் மாவுக்காக வயலை விற்கலாமா?

கேள்வி: அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவிலில் இருந்து எழுதுகிறேன். எங்கள் ஒன்றரை வயது மகனுக்குப் பினைல்கீட்டோனூரியா என்று சொல்லிவிட்டார்கள். வெளிநாட்டில் இருந்து எடுக்கும் விசேட மாவுக்கு மாதம் 35,000 ரூபாய் போகிறது. நகையெல்லாம் அடகில். இருபோகமும் செய்கிற 4 ஏக்கர் வயல் இருக்கிறது, கணவர் மேசன் வேலைக்கும் போவார். 2 ஏக்கரை விற்று வங்கியில் போடலாமா?

பதில்: விற்க வேண்டாம், தங்கச்சி. இந்த நோயில், புரதத்தில் உள்ள பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை உடைக்கும் நொதியம் வேலை செய்யாததால், அது இரத்தத்தில் கூடி மூளையைப் பாதிக்கிறது. அதனால் புரத உணவுகளை விலக்கி, பினைல்அலனின் இல்லாத இந்தப் புரத மாவைக் கொடுக்கும் சாப்பாட்டு முறை மகனுக்கு வாழ்நாள் முழுக்க வேண்டும். வயல் விற்ற காசு சில வருடத்தில் கரைந்துவிடும். பிறகு மாவும் வாங்க முடியாது, வெள்ளாமையும் இராது.

மாவுக்கு மாதாமாதம் காசு வேண்டும், உங்களுக்கோ அறுவடைக்குத்தான் காசு வருகிறது. இடையில் கை வறண்டதும் அடகுக்கடை, அதற்கு வட்டி. நெல் விற்ற கையோடு அடுத்த விதைப்புச் செலவையும் 6 மாத மாவுக்கான 210,000 ரூபாயையும் தனிக் கணக்கில் போடுங்கள். அவ்வளவு தேறாவிட்டால் தேறியதைப் போட்டு, மீதியை மேசன் கூலியில் வாராவாரம் நிரப்புங்கள். முடிவுத் திகதி பார்த்து ஒரு மாத மாவை எப்போதும் கையிருப்பில் வையுங்கள். மாரியில் வெள்ளம் வந்து பாதை அடைபட்டால் அதுதான் கைகொடுக்கும்.

காசு போதவில்லையென்று மாவின் அளவை மட்டும் ஒருநாளும் குறைக்காதீர்கள். மீன், முட்டை, பால், பருப்பு எல்லாம் விலக்கிய பிள்ளைக்குப் புரதம் பெரும்பாலும் அதிலிருந்துதான் கிடைக்கிறது. மிச்சம் பிடிப்பதானால், இறக்குமதியாகும் புரதம் குறைந்த பிஸ்கட்டுக்குப் பதிலாகச் சவ்வரிசி, மரவள்ளிக்கிழங்கு கொடுக்கலாம். சவ்வரிசியில் புரதம் இல்லையென்றே சொல்லலாம், மரவள்ளிக்கிழங்கிலும் குறைவு. எவ்வளவு கொடுப்பது என்பதைக் கிளினிக்கில் கேட்டு அளந்து கொடுங்கள்.

அதே கிளினிக்கில் வைத்தியரின் கடிதம் ஒன்று வாங்கி, பிரதேச செயலகத்தில் சனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி பற்றி விசாரியுங்கள். மாவுக்கும் உதவி உண்டா என்று குறிப்பாகக் கேளுங்கள்.

பிள்ளையின் பெயரில் காப்புறுதி தேடி அலையாதீர்கள். பிறவி நோயை அநேகமான காப்புறுதிகள் சேர்ப்பதில்லை. சாரத்தில் ஏறி உழைக்கிற உங்கள் கணவருக்குத்தான் ஆயுள் காப்புறுதி அவசியம். சேமிப்பும் சேர்ந்த திட்டத்தை முகவர் காட்டினால், மரணத்துக்கும் அங்கவீனத்துக்கும் மட்டும் காப்பளிக்கும் குறைந்த கட்டணத் திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள்.